நோய்நாள் கேட்க வந்த ஞாயிற்றுக்கிழமை

1962ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைந்திருந்த பனி அப்போதுதான் கரைந்து, பாடசாலை முற்றம் சேறாகியிருந்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பெப்ரவரி வெயில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

நான் அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியர். ஐந்து வகுப்பு, ஒரு மண்டபம், பதினொரு வாங்கு. அன்று பிள்ளைகளின் இடத்தில் அவர்களுடைய தாய்மார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், வாங்குக்கு ஏழு பேராக. மூன்றாவது வாங்கின் கால் முன்பே ஆட்டம் கண்டது. முறிந்தால் புதியது கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு எழுத வேண்டியவன் நான். ஆகவே கூட்டம் தொடங்கும்வரை என் கண் அந்தக் காலிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். தோட்டத் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதி ஒன்று கொண்டுவரலாமா என்று அரசாங்கம் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது. மாதச் சம்பளத்தில் சில சதங்கள் பிடிப்பார்கள். நோயில் படுத்தால் அந்த நாட்களுக்கு அரைச் சம்பளமும் மருந்தும் கிடைக்கும். அதற்கு முதலில் விவரம் வேண்டும். யார், எத்தனை வயது, என்ன நோய், வருடத்தில் எத்தனை நாள். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து, சேகரிக்கத் தொடங்கும் முன் அதைப் பற்றி மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். வரிசை அறைகளான லயங்களில் வாழும் எங்கள் மக்களிடம் அதுவரை எல்லோரும் கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி சரியா என்று யாரும் கேட்டதை நான் அறியேன்.

அச்சடித்த தாள் என்றால் எங்கள் மக்கள் கையில் வாங்கவே தயங்குவார்கள். பிரஜாவுரிமைக்காகத் தகப்பன் பிறந்த ஊர், பாட்டன் வந்த வருடம் என்று எழுதிக் கொடுத்து, ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

கருத்துக் கேட்க வந்த உத்தியோகத்தர் ஒரு சிங்களவர். முப்பது வயதிருக்கும். கொழும்பிலிருந்து வந்தவர், எங்கள் குளிருக்குக் காணாத மெல்லிய சுவெட்டர் போட்டிருந்தார். மற்ற நாட்களில் பெண்கள் மாலைவரை மலையில் நிற்பார்கள் என்று யாரோ சொல்ல, தன் விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து, கடைசி இரண்டு மைலையும் நடந்தே ஏறினார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தால் போடுவதற்கென்று நான் வைத்திருந்த கைப்பிடி நாற்காலியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லி, முன் வாங்கின் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார். அந்த வாங்கில் எட்டுப் பேரானார்கள்.

தமிழை அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். தாளின் நான்காம் கேள்வியை வாசித்தார்.

“தகப்பனார் பிறந்த இடம்.”

மாதர் சங்கத் தலைவி எழுந்தாள். கொழுந்து மலையில் அவள் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும்.

“மாத்தையா, காய்ச்சல் வர்றது எனக்கு. எங்கப்பன் எங்க பொறந்தா அந்தக் காய்ச்சலுக்கு என்னா? ஊரப் பாத்தா மருந்து குடுப்பீங்க?”

மண்டபமே சிரித்தது. உத்தியோகத்தரும் சிரித்தார். சிரித்தபடியே அவள் சொன்னதை அப்படியே எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். “சரியா?” என்று கேட்டார். சொன்னதைத் திரும்ப வாசித்துச் சரியா என்று கேட்ட உத்தியோகத்தரை அதற்கு முன் நான் கண்டதில்லை. பின்னும் அதிகம் கண்டதில்லை.

பிறகு ஏழாம் கேள்வி வந்தது. சென்ற வருடம் நோயால் வேலைக்கு வராத நாட்கள் எத்தனை? இந்த விவரம் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து, அதாவது தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயர் எழுதும் பதிவிலிருந்து, எடுத்துக்கொள்ளப்படும் என்று கீழே அச்சிட்டிருந்தது.

வாசற்படியில், காலையில் பெயர் போட்டு மாலையில் கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை; ஆனால் அவர் இல்லாத கூட்டம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். அங்கிருந்தே பெருமையாகச் சொன்னார்:

“எங்க தோட்டத்துல சீக்காளியே கெடையாதுங்க. பொம்பளைங்க செக்ரோலப் பாருங்க. நோயின்னு ஒரு நாளு வுட்டிருக்க மாட்டாளுக.”

செக்ரோல் அப்படித்தான் சொல்லும். காரணம் எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வந்து நின்றுவிடுவாள். பெயர் போடப்படும். மாலையில் கூடை நிறைந்து வந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும், சம்பளம் வரும். பிறகு மலைக்குப் போய் மெதுவாக, முடிந்தவரை பறிப்பாள். பக்கத்து நிரையில் நிற்கிறவள் தன் கூடைக்குப் போகும் கொழுந்தில் ஒரு கைப்பிடியை அவள் கூடையில் போட்டுவிட்டு நகர்வாள். பின்னால் வருகிறவள் இன்னொரு கைப்பிடி. அதைக் ‘கை போடுவது’ என்பார்கள். இன்று எனக்கு, நாளை உனக்கு. யார் எத்தனை போட்டாள் என்று ஒருத்தியும் எண்ணுவதில்லை. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே இருந்த எனக்கு, எண்ணாமல் நடந்த இந்த ஒன்றைப் பார்த்துத்தான் அதிசயம்.

அதனால் செக்ரோலில் நோய் என்பதே இருக்காது. அந்தப் பதிவை நம்பினால், நோயே இல்லாத தோட்டத்துக்கு அரசாங்கம் எதற்குக் காப்புறுதி கொடுக்கப்போகிறது? உண்மையைச் சொல்லிவிட்டால் அது வேறு வினை. பறிக்காமல் பெயர் வாங்கினார்கள் என்று ஆகிவிடும். துரை காதுக்குப் போனால் பெயரை வெட்டுவார். பெயர் போனால் குடியிருக்கும் அறையான லயத்துக் காம்பராவும் போகும்.

முந்திய வருடம் கைகள் அதிகம் விழுந்தது யாருடைய கூடையில் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவள் கடைசி வாங்கில், கம்பளியைத் தோளோடு இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள். அதற்கும் முந்திய வருடம் நெஞ்சு நோய்க்கு ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்து திரும்பியவள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, இளையவன் மூன்றாம் வகுப்பு. அந்தப் பெயரை வெட்டினால் மூன்று பேர் ரோட்டில் நிற்பார்கள்.

தலைவி அவசரமாகப் பேசினாள். “அதெல்லாம் நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்க எட்டாவதுக்குப் போங்க மாத்தையா.”

உத்தியோகத்தர் எட்டாவதுக்குப் போகவில்லை. “இவ்வளவு பேர், ஒரு வருடம், ஒரு நாள்கூட இல்லையா?” என்றார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை அது. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

கடைசி வாங்கில் அவள் எழுந்தாள்.

“ஒக்காருடி!” என்றாள் தலைவி. “யாரு ஒன்னையக் கேட்டா? ஒக்காரு!”

“நான் ஒக்காந்துருவேன்க்கா. நாளைக்கு நீ படுத்தா ஒனக்கு எங்கருந்து வரும்? கை போடுறவளுகளுக்கும் கை வலிக்கும்ல?”

“பிள்ளைகள நெனைச்சுப் பாருடி, கூறுகெட்டவளே.”

“அதுகள நெனைச்சுத்தான் எந்திரிச்சேன்.” இருமல் வந்தது. நின்று, இருமி முடித்து, மூச்சு வாங்கினாள். “மாத்தையா, போன வருசம் நான் முழுசாப் பறிச்ச நாளு கொஞ்சந்தான். மிச்ச நாளெல்லாம் இவளுக என் கூடையில கை போட்டாளுக. நான் மட்டும் இல்ல, இங்க இருக்க எல்லாருக்கும் அப்பப்ப இப்படித்தான். செக்ரோலு இதச் சொல்லாது. அதப் பாத்து எழுதுனா அம்புட்டும் பொய்யிங்க.”

உத்தியோகத்தர் எழுதவில்லை. பென்சிலை வாங்கின் மேல் வைத்தார். “இதை நான் எழுத வேண்டுமா, வேண்டாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. என் கை பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றிவிட்டது.

கணக்கப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது. பெரட்டில் அவர் போடும் சத்தத்தில் என் காலைத் தூக்கம் ஒரு நாளும் முழுதாக இருந்ததில்லை. அவர் மப்ளரை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

“என்னய எதுக்குப் பாக்குறீங்க? நான் தராசப் பாக்குறவன். கூடை நெறஞ்சு வந்தா பேரு. யாரு நெறச்சான்னு தராசும் சொல்லாது, நானும் கேக்க மாட்டேன்.” சற்று நின்று, வழக்கமான குரலுக்குத் திரும்பினார். “முத்தல் எலயப் போட்டு நெறச்சீங்க, அப்பத்தான் கேப்பேன்.”

“ஆமா, அத மட்டும் வுட்றவே மாட்டாரு!” என்றாள் தலைவி. சிரிப்பு எழுந்தது. கடைசி வாங்கில் அவள் மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் கம்பளியைச் சரிசெய்துவிட்டாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தகப்பன் பிறந்த இடம் கேட்க வேண்டாம். நோய்நாளைச் செக்ரோலிலிருந்து எடுக்க வேண்டாம். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சுகமானவர்கள் அல்ல. கேட்பவள் பெண்ணாக இருக்கட்டும், காம்பராவுக்கே வந்து கேட்கட்டும். தாளில் பெயர் வேண்டாம். நடுவில் சண்டையும் வந்தது. வயதைச் சொல்லலாமா கூடாதா என்பதில் மட்டும் கால் மணி நேரம் போனது. கடைசியாகத் தலைவி சொன்னாள்: “தோட்டத்துச் சம்பளம் வாங்குற யாரும் இந்தத் தாள நிரப்பக் கூடாது.”

என் பேனா நின்றது.

“என்னா வாத்தியாரய்யா, மை தீந்துருச்சா? ஒங்களையுந்தான் சொல்றோம்.”

“நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன்” என்றேன்.

“ஒங்க மேல கோவமில்லங்க. ஒங்களுக்கும் சம்பளம் தொரை ஆபீசுலதானே? நாளைக்குத் தொரை கூப்புட்டுக் கேட்டா நீங்க என்னா செய்வீங்க, பாவம்?”

அந்தப் ‘பாவம்’ உண்மையான பரிவோடு வந்தது. துரை கூப்பிட்டுக் கேட்டால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தத் தாள்களை நிரப்ப என்னைத்தான் நியமித்திருந்தார்கள். தாளுக்குப் பத்துச் சதம், எங்கள் தோட்டத்தில் இருநூற்று அறுபத்து நான்கு பேர். அந்தப் பணத்தில் தலவாக்கலைக் கடையில் தொங்கிய சாம்பல்நிறக் கம்பளிக் கோட்டை வாங்குவதென்று முடிவு செய்து, பொத்தானின் எண்ணிக்கைகூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆறு பொத்தான்.

அவள் சொன்னதை எழுதினேன்.

முடிந்ததும் சிலர் கைநாட்டு வைக்க எழுந்து வந்தார்கள். உத்தியோகத்தர் தடுத்தார். “பெயர் வேண்டாம் என்று சொல்லும் தாளில் உங்கள் விரல் எதற்கு?” என்றார். தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம், ‘ஒரு தோட்டத்துப் பெண்கள்’ என்று போட்டால் போதும் என்றார். பிறகு முழுவதையும் எழுந்து நின்று வாசித்தார். ஒரு பிரதி பதிவுத் தபாலில் கொழும்புக்கு வந்தால் அது கோப்பிலிருந்து தொலையாது என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டு, தேநீர் குடித்து, பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மப்ளரும் தொப்பியுமாகப் பெரட்டுக்களத்து ஓரத்தில் போய் நின்றேன். எனக்கு அங்கே வேலையில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை வழக்கம்போல் கத்திக் கத்திப் பெயர் படித்தார். கடைசி வாங்கில் இருந்தவளின் பெயர் வந்தது. “இருக்கேனுங்க” என்றாள். “அஞ்சாம் மலை” என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போனார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவள் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு ஏறினாள். வேறு யாருக்கும் அது ஒரு செய்தியே அல்ல.

ஐந்து மாதம் கழித்துப் புதிய தாள் வந்தது. தகப்பன் பிறந்த இடம் இல்லை. பெயருக்கு இடமே இல்லை. செக்ரோல் பற்றிய வரியும் போய்விட்டது. நுவரெலியாவிலிருந்து ஒரு தாதி வந்து, காம்பரா காம்பராவாக ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு எழுதினார். நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை காப்புறுதி வரவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் எங்கள் பெண்களின் நோய்நாட்கள் இருந்தபடி எழுதப்பட்டன. அன்று எழுந்து பேசியவளின் மகள் எட்டாம் வகுப்புக்குப் போனபோதும், மகன் ஐந்தாம் வகுப்பு முடித்தபோதும், தாயின் பெயர் செக்ரோலில் இருந்தது. அதே காம்பராதான்.

கோட்டு நான் வாங்கவில்லை. அந்தப் பிரதியை எழுதி அனுப்பத் தாள், மை, தலவாக்கலைக்குப் போய்வரப் பஸ், பதிவுத் தபால் எல்லாம் சேர்த்து ஒரு ரூபாய் தொண்ணூற்றைந்து சதம். கைக்கு வராமல் போன இருபத்தாறு ரூபாய் நாற்பது சதத்தையும் கூட்டினால், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருபத்தெட்டு ரூபாய் முப்பத்தைந்து சதம்.