இரண்டு கதிரைகளோடு ஒழுங்கைக்கு வந்த அப்பா

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் சிலர் அவரைத் துறைமுகக் களஞ்சியத்தில் கண்டவர்கள். சிலர் மேடையோரத்தில் ஆர்மோனியத்தோடு கண்டவர்கள். எங்கள் ஒழுங்கையால் போய்வந்தவர்களோ வீட்டு வாசல் படலைக்கு வெளியே, வெயிலில் கதிரை போட்டு இருந்த அப்பாவையே கண்டிருப்பீர்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் "காத்து வாங்குறன்" என்று மட்டும் சொன்னார். உண்மைக் காரணத்தை இந்த மலரில் எழுதிவிடும்படி அம்மா சொல்லியிருக்கிறார்.

அப்பா பிறந்தது திரியாயில். பத்து வயதில் தகப்பனை இழந்து, நகரில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தார். நாடு சுதந்திரம் பெற்றபோது கடற்படைத் தளத்தில் களஞ்சிய உதவியாளராக இருந்தார். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனதும் அந்த வேலையும் போயிற்று. துறைமுகத்தில் மறுபடி வேலை கிடைக்கும்வரை பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் பழக்கியே குடும்பத்தைக் காப்பாற்றினார். இசை நாடகங்களும் எழுதிப் பழக்கியதால் ஊருக்கு அவர் அண்ணாவியார். எவரையும் அவர் நீ என்று அழைத்ததில்லை. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மறந்ததில்லை. தன் பக்கம் பிழை என்று ஒப்புக்கொண்டது மட்டும் மிகக் குறைவு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்பாவின் நெருங்கிய நண்பர், நாங்கள் கிண்ணியா மாமா என்று அழைப்பவர். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மரவியாபாரம் செய்யும் முஸ்லிம். களஞ்சியத்துக்குப் பலகை கொண்டுவந்து இறக்கும்போது அவர் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு, அப்பா எண்ணிக்கொண்டிருந்த பலகைகளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அப்பாவின் இசை நாடகங்களில் எல்லாம் பெண் வேடம் மாமாவுக்குத்தான். அந்தக் குரல் அப்படி.

அறுபத்தேழாம் ஆண்டுப் போருக்குப் பின், பலஸ்தீனர் சிலர் முன்பு தாங்கள் விட்டு ஓடிய வீடுகளை ஒருமுறை பார்த்துவரப் போனார்கள் என்ற செய்தியை அப்பா பத்திரிகையில் வாசித்தார். அதை வைத்து ஒரு நாடகம் எழுதினார். ஒரு பலஸ்தீனத் தாய் தன் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ஐரோப்பாவில் தன் குடும்பம் முழுவதையும் பறிகொடுத்து வந்த யூதப் பெண் கதவைத் திறக்கிறாள். கதை இவ்வளவுதான். பலஸ்தீனத் தாயாகச் சித்தப்பாவையும் யூதப் பெண்ணாகக் கிண்ணியா மாமாவையும் அப்பா தெரிந்தெடுத்தார்.

"என்னையா அந்தப் பொம்பிளையாப் போடுறீங்க?" என்று மாமா கேட்டாராம்.

"நீங்கள் அவவின்ர துக்கத்தைப் பாடினால்தான் சபை நம்பும்" என்றார் அப்பா.

மூன்று மாதம் ஒத்திகை எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. கடைசிக் காட்சியில் எல்லாம் நின்றது. கதவைத் திறந்த யூதப் பெண் "உள்ளே வாருங்கள்" என்று பாட வேண்டும். மாமா பாட மறுத்தார்.

"அண்ணாவியார், அது அவட வாப்பா கட்டின வீடு. அவளப் பாத்து நான் உள்ள வாங்க எண்டு சொன்னா, நான் வீட்டுக்காரி, அவ விருந்தாளி. எனக்கு ஏலா."

"கதவைத் திறந்தவ சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது? இவளும் எல்லாத்தையும் பறிகுடுத்து வந்தவள்தானே. போக்கிடம் இல்லாதவள்."

"அது விளங்காமலா மூணு மாசமாச் சீலை கட்டிப் பாடுறன்? யூதப் பொம்பிளை வாறா, வழி விடுங்க எண்டு கடைத்தெருவில பகிடி பண்ணுறாங்க. அதையும் தாங்கிட்டன். இந்த ஒரு வரி மட்டும் வேணாம்."

சித்தப்பா சமாதானம் செய்யப் பார்த்தார். "அப்ப நான் அவவைப் பாத்து உள்ள வாங்கோ எண்டு பாடுறனே?"

"வெளியில நிக்கிறவ உள்ளுக்கு நிக்கிறவளை வாங்கோ எண்டால் சபை விழுந்து விழுந்து சிரிக்கும்" என்று அப்பா அவர்மேல் பாய்ந்தார். அந்தக் கோபத்திலேயே மாமாவிடம் திரும்பி, "பாட ஏலாதெண்டால் என்ர படலைக்கு அங்கால நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

மாமா ஒத்திகைச் சீலையை அவிழ்த்து, நாலாக மடித்துக் கதிரையில் வைத்தார். "அல்லாஹ் மேல சத்தியம், இந்தப் படலைக்குள்ள இனிக் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிப் போனார்.

பிறகு மூன்று மாதம் ஆர்மோனியம் மூடியே கிடந்தது. ஒருநாள் பின்னேரம் மாமா படலைக்கு வெளியே வந்து நின்றார்.

"உங்கட பாட்டுக் கொப்பி எங்கட வீட்டில கிடக்கு. தந்திட்டுப் போக வந்தன்."

"உள்ள வாங்கோ" என்றார் அப்பா.

"சத்தியம் பண்ணிட்டனே."

அப்பா விறுக்கென்று வீட்டுக்குள் போனார். திரும்பவும் கோபம் வந்துவிட்டதென்று அம்மா பயந்தார். அப்பா கைக்கு ஒன்றாக இரண்டு கதிரைகளோடு வந்தார். ஒழுங்கையில் போட்டார். மாமா கதிரையில் இருந்த பிறகு தானும் இருந்தார். "நான் உங்களுக்குச் சொன்னது பிழை" என்றார். அப்பாவின் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

சைக்கிளில் போன அயலவர் ஒருவர், "என்ன அண்ணாவியார், வீட்டால வெளிய கலைச்சுப் போட்டினமோ?" என்று கேட்டார். "ஓம், ரெண்டு பேரையும்!" என்றார் மாமா.

அம்மா கொண்டுவந்த தேநீர் ஆறுவதற்குள் கடைசிக் காட்சி முடிவாகியது. கதவைத் திறந்த பெண் அந்த வரியைப் பாடுவதில்லை. உள்ளே போய் இரண்டு கதிரைகள் கொண்டுவருகிறாள். இருவரும் வாசலுக்கு வெளியே இருக்கிறார்கள். ஒருத்தி அந்த வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகப் பாடுகிறாள். மற்றவள் இறந்துபோன தன் பிள்ளைகளின் பெயர்களைப் பாடுகிறாள். திரை விழுகிறது.

நகரிலுள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம் மேடையேறியது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பக்கமும் எங்கள் ஆட்கள் மறுபக்கமுமாக இருந்தார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் எழும்பி, "எவ்வளவு நேரம் வெளியில இருப்பீங்கள்? ரெண்டு பேரும் உள்ள போங்கோவன்!" என்று கத்தினார். மண்டபம் முழுதும் சிரித்தது. பிறகு பாட்டு முடியும்வரை ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. ஒரு யூதப் பெண்ணுக்காக அழ வேண்டி வந்ததென்று, மாமாவைப் பகிடி பண்ணிய கடைக்காரரே வந்து குறைப்பட்டார்.

நாடகம் முடிந்தாலும் சத்தியம் முடியவில்லை. எட்டு வருடத்துக்கு மேல், மாமா நகருக்கு வரும் நாளெல்லாம் அப்பா கதிரைகளை ஒழுங்கைக்குக் கொண்டுபோனார். மழையென்றால் இரண்டு குடைகள்.

சென்ற ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தார். மாமா வந்து படலையில் நின்று சுகம் கேட்பார். அம்மா போய்ச் சொல்லிவிட்டு வருவார். கட்டிலுக்கும் படலைக்கும் இடையே நாற்பத்தொரு அடி. கட்டிடப் படம் வரையும் வேலையில் இருப்பவள் நான், அளந்து பார்த்தேன். கட்டிலோடு தூக்கிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அசைக்கவே கூடாதென்றார். "ஆள் வந்ததோ?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம், நண்பரைப் பார்க்காமலே போய்விடுவாரோ என்பதுதான் எங்கள் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை படலை திறந்த சத்தம் கேட்டது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலடிக்கு வந்தார்.

"மௌலவியிட்டக் கேட்டன். சத்தியத்தை முறிச்சா பத்து ஏழைகளுக்குச் சோறு குடுக்கோணுமாம். குடுத்திட்டு வாறன்."

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு காலமும் இது தெரியாதோ?"

"கேட்டா வழி சொல்லிடுவார் எண்டுதான் கேக்காம இருந்தன். எனக்கும் கொழுப்புத்தானே."

சிரித்ததில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் ஆறியபின், "இனி அந்த ரெண்டு பொம்பிளையளையும் உள்ள விடுவம். பிள்ளை, எழுதுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார்.

"விடலாம். ஆர் முதல்ல கால் வைக்கிறது?" என்றார் மாமா.

தொடங்கிவிட்டது. வீட்டைக் கட்டியவரின் மகள்தான் முதலில் என்றார் மாமா. கதவைத் திறந்து பிடிப்பவள் பின்னால் நின்று எப்படித் திறப்பது என்றார் அப்பா. "படுக்கையில கிடக்கிற வருத்தக்காரனோட சத்தம் போடாதையுங்கோ!" என்று குசினி அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார். இரண்டு மாதத்தில் அப்பாவின் குரல் அவ்வளவு பலமாகக் கேட்டது அன்றுதான். நான் எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அது முடியவில்லை.

பதினொரு நாட்களின் பின், ஒரு விடியற்காலை, நித்திரையிலேயே அப்பாவின் மூச்சு அடங்கியது. அந்தக் காட்சி எழுதி முடியவில்லை. அதில் எங்களுக்குக் கவலை இல்லை. பயந்தது நடக்கவில்லை. அவர்கள் இருவரும் வீட்டுக்குள் இருந்தே சண்டை பிடித்தார்கள்.

எங்கள் நன்றி இவர்களுக்கு உரியது: இரவு பகல் பாராமல் அப்பாவைக் கவனித்த டாக்டருக்கும் தாதியருக்கும், திரியாயிலிருந்தும் வெருகலிலிருந்தும் வந்து இறுதிக் கிரியைகளில் கலந்துகொண்ட உறவினருக்கும், கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஏறும்வரை பாதைப் படகை நிறுத்தி வைத்திருந்த துறைகாரருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும், அன்று முழுவதும் அம்மாவின் பக்கத்திலேயே இருந்த கிண்ணியா மாமிக்கும்.

கிண்ணியா மாமாவுக்கு நன்றி எழுதக்கூடாதென்று அவரே தடுத்துவிட்டார்.

ஆண்டுத் திவசத்துக்கு வருபவர்கள் படலையில் நின்று கூப்பிட வேண்டாம். நேரே உள்ளே வாருங்கள்.

மூத்த மகள்