ஹில்டா பயப்படாத பக்கங்கள்

மைசூரில் இருபது வருடமாகப் பேய்க் காமிக்ஸ் எழுதி, அதற்கு ஆசிரியராகவும் இருக்கும் கார்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பமாட்டார். ஆஸ்பத்திரி நர்ஸான ஹில்டா இதுவரை ஒருமுறைகூடப் பயந்ததில்லை.

அன்று ஐந்து மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பிணவறையில் பிணம் எழுந்து உட்காரும் இடத்தைக் கார்ல் நடுங்கும் குரலில் வாசித்தார்.

“பிணத்தோட கால் விரல்ல பேர்ச் சீட்டு கட்டலியா?” என்றார் ஹில்டா, யூனிபார்மை இஸ்திரி போட்டபடி. “யாருங்க அந்த டியூட்டி நர்ஸ்? முதல்ல அவளுக்கு மெமோ கொடுக்கணும்.”

கார்ல் பிணம் பேசும் வசனத்தை மட்டும் மாற்றி வாசித்தார்: “சிஸ்டர், அடுத்த ஷிப்டுக்கு யாரும் வரல. நீங்களே இருந்துடுங்க.”

இஸ்திரிப் பெட்டி நின்றது.

“ஐயோ, வேணாங்க! சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்!”

நாலே முக்காலுக்கு அந்த வசனத்தோடே பக்கம் அச்சகத்துக்குப் போனது.