சிரிக்கும் முகத்தைத் தொட்டேன்

மழை விட்டதும் விளையாடப் போகாதே என்று அம்மா சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, விளையாட்டுத் திடலில் இருந்த இரும்புக் கம்பிகள் நனைந்தால் வழுக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. காரணங்களில் நம்பிக்கை இல்லாத வயது. தொங்கிக்கொண்டே போனவள் பாதியில் கை நழுவி விழுந்தேன். எழுந்து பார்த்தால், வலது முன்கை நடுவில் வளைந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

அப்பா என்னைத் தூக்கிக் காரில் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அழக்கூடாது. நீ தைரியமான பொண்ணுலா."

அப்பா என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பட்டத்தை இழக்க மனம் வரவில்லை. கார் குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ் ஒருவர், மலாய்க்கார மிஸ்ஸி, அட்டை ஒன்றை நீட்டினார். அதில் வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் சிரிக்கும் முகம், மறு கோடியில் அழும் முகம்.

"சாக்கிட், ஆடிக்?"

வலிக்கிறதா பாப்பா என்று மலாயில் கேட்டார். எவ்வளவு வலிக்கிறது என்று ஒரு முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்கும் முகத்தைத் தொட்டேன்.

"எம்மக வலி தாங்குவா டாக்டர்," என்றார் அப்பா, அப்போது உள்ளே வந்த டாக்டரிடம் பெருமையாக.

அம்மா டாக்டர்களிடம் வாய் திறக்கமாட்டார். கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. அன்று முன்னால் வந்து நின்றார்.

"அவ பொய் சொல்றா டாக்டர். கால் விரலப் பாருங்க." என் விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டிருந்தன. "சின்னப் புள்ளையில எஸ்டேட்ல இவருக்குக் கை ஒடஞ்சப்போ, நாலு பேரு அமுக்கிப் புடிச்சு, இழுத்துக் கட்டுனாங்களாம். அழுதா அடி. அதையே இவளுக்கும் சொல்லிக் குடுக்குறாரு."

அப்பா தரையைப் பார்த்தார்.

டாக்டர் இளம் தமிழ்ப்பெண். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. என் முன்னால் குனிந்து, "வலிக்குதுன்னு சொன்னாத்தானே மருந்து குடுக்க முடியும்? ஊசி இல்லம்மா, மூக்குல அடிக்கிறதுதான்," என்று சொல்லி மருந்தைப் பீய்ச்சினார். தொண்டை கசந்தது. கொஞ்ச நேரத்தில் வலி தூரமாகப் போனது. அப்போதுதான் நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா என் கண்ணைத் துடைக்காமல், அழ விட்டார்.

எக்ஸ்ரே எடுத்த பிறகு, முகமூடி வழியாக ஏதோ வாயுவை இழுக்கச் சொல்லி, கையை நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். கூரை விளக்குகள் மிதந்தன. அப்பா என் முகத்தருகே குனிந்தார்.

"இழுத்தப்போ வலிச்சிச்சா?"

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"இல்ல."

வீடு திரும்பும் வழியிலும் கேட்டார். சோறு ஊட்டும்போதும் கேட்டார். மறுபடியும் பொய் சொல்கிறேன் என்று சந்தேகப்படுகிறார் போலும் என எனக்கு ரோஷம் வந்தது.

"சாமி சத்தியமா வலிக்கலப்பா!"

தட்டைக் கழுவ எழுந்து போன அப்பா, சின்ன வயதில் ஒடிந்த தன் கையைத் தடவியபடி நின்றார்; வெகுநேரம் குழாயை மூடவே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.