தொட்டிக் குழாய் சுருக்கென்றது

ஜெபமலருக்குப் பயப்பட எதுவும் போதும். கேஸ் அடுப்பின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். மகள் பிரின்சியைக் குளிக்க அனுப்புவதற்கு முன் வெந்நீர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் சிவப்பு விளக்கு அவிந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். அவள் லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். கணவன் உபகாரசாமி டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வெளிமாநிலம். வீட்டில் இருக்கும்போது, "நீ நெழலப் பார்த்தாக்கூட சிலுவ போடுவ" என்று சிரிப்பான்.

திருச்செங்கோட்டில் அவர்கள் குடியிருந்தது அருணகிரி வீட்டின் கீழ்த்தளம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் நன்றாகச் சம்பாதித்த காலத்தில் அவர் கட்டிய வீடு. அதனால் குளியலறையில் ஆள் படுத்துக் குளிக்கிற தொட்டி ஒன்று இருந்தது. அதில் யாரும் படுத்ததில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் காவிரித் தண்ணீரை நிரப்பிவைக்க அது தோதாக இருந்தது. தொட்டிக்கு மேலே சுவரில் வெந்நீர்க் குழாய். தொட்டியின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் பக்கெட்டை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் அந்தக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. சொட்டுவது போர்வெல்லின் உப்புத் தண்ணீர். விடிவதற்குள் பக்கெட் நிரம்பி வழிந்து தொட்டியிலிருந்த நல்ல தண்ணீரும் கெட்டது.

ஒரு நாள் காலை பக்கெட்டை நகர்த்தும்போது குழாயில் கை பட்டது. விரல் நுனியில் சுருக்கென்றது. கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். போனில் கணவனிடம் சொன்னாள்.

"கொழாயில கரண்டு அடிக்கிறாப்பல இருக்குதுங்க."

"நாளெல்லாம் தார்ப்பா தைக்கிற கை. நரம்பு சுண்டியிருக்கும் மலரு. பிளம்பரக் கூப்புட்டு ஒழுக்க நிறுத்து மொதல்ல."

பிளம்பர் வேல்முருகன் ஒரு மதியம் வந்தான். ஹீட்டர் அப்போது அணைந்திருந்தது. குழாயை இறுகப் பிடித்துக் காட்டினான். "ஒன்னுமில்லீங்க்கா. உள்ள ரப்பர் வாசர் தேஞ்சுபோச்சு. வாங்கி வெய்யுங்க, சனிக்கெழம வாரேன்."

சனிக்கிழமை அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஜெபமலர் வாசரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மணிவரை பார்த்தாள். பிறகு கணவனின் ஸ்பானர் பெட்டியைத் திறந்தாள்.

முதலில் ஹீட்டரை அணைத்தாள். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் வால்வை மூடினாள். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் குளியலறைக்குள் போனாள். புறங்கையால் குழாயைத் தொட்டாள். ஒன்றுமில்லை. நட்டில் உப்புப் பூத்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, ஸ்பானரை மாட்டி அழுத்தினாள். சுவருக்குள் குழாய் முறிந்தால் என்ன செய்வது, அருணகிரிக்கு என்ன பதில் சொல்வது? இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நட்டு கிரீச்சென்று அசைந்தது. குழாயில் தங்கியிருந்த தண்ணீர் குபுக்கென்று அவள்மேல் பாய்ந்தது. "மாதாவே!" என்று அலறிவிட்டாள். பாய்ந்த வேகத்தில் அது தானே நின்றது.

பழைய வாசர் விளிம்பு பிய்ந்து கூழாகிக் கிடந்தது. புதியதைப் போட்டு முறுக்கி, மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஹீட்டரைப் போட்டாள். போட்டவுடன் அந்தச் சுருக் நினைவுக்கு வந்தது. ஸ்பானர் பெட்டியில் மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் ஒன்று கிடந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அதன் முனையைக் குழாயில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பிரின்சி வந்தாள். வெறுங்கால். கையெல்லாம் வாட்டர் கலர். "கொழாய் சரியாயிருச்சாம்மா?" என்றபடி கையை நீட்டினாள்.

"தொடாத!"

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது ஜெபமலருக்கே தெரியாது. பிள்ளை நடுங்கி நின்றாள். அவளை இடுப்போடு வாரி வெளியே இழுத்துப்போட்டு, சுவிட்சை அணைத்தாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் அருணகிரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏன் அம்மிணி, என்னாச்சு? ஈரத்துக்கு டெஸ்டரு சும்மாவே எரியும், பயந்துக்காத" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஹீட்டரைப் போட்டு அவரே வைத்துப் பார்த்தார். அவருக்கும் விளக்கு எரிந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எலக்ட்ரீஷியன் ஈஸ்வருக்குப் போன் போட்டார்.

ஈஸ்வர் ஹீட்டரைக் கழற்றித் தரையில் வைத்தான். "உள்ள சூடேறுற காயில் கம்பிய உப்புத் தண்ணி தின்னுருச்சுங்க. எர்த்து ஒயரு எங்கயும் சேரவே இல்ல, சும்மா டேப்பு சுத்தி உட்டுருக்காங்க. ரெண்டு மாசமாவது இப்படி இருந்திருக்கும். பாப்பா குளிக்கிறப்ப சுவிட்சு ஆன்லயா இருக்கும்?"

"இல்லீங்க. அணைச்சுட்டுத்தான் அனுப்புவேன்."

"அதனாலதான் பாப்பா பொழச்சுது" என்றான்.

ஜெபமலர் தரையில் கிடந்த ஹீட்டரைப் பார்த்தாள். ஏதோ நினைவு வந்தது. பிரின்சியைக் கூப்பிட்டாள்.

"சாமி, அம்மா காலையில வெள்ளன வேலைக்குப் போற அன்னிக்கி, குளிக்கிறதுக்கு முன்னால நீ சுவிட்ச அணைப்பியா?"

பிரின்சி யோசித்தாள். "சில நாள் அணைப்பேன். சில நாள் ஞாபகம் இல்லம்மா."

மறுவாரமே அருணகிரி புது ஹீட்டர் மாட்டினார். எர்த் கொடுத்து, கசிவு இருந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு சுவிட்சும் வைத்தார். செய்தியைப் போனில் கேட்டபோது உபகாரசாமி நாக்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. "பாப்பாகிட்ட போனக் குடு" என்று மட்டும் சொன்னான்.

பிரின்சி பத்து நாள் அந்தக் குளியலறைப் பக்கமே போகவில்லை. அம்மா போட்ட சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஜெபமலர் அடுப்பில் வெந்நீர் வைத்து, பின்கட்டில் உட்காரவைத்துத் தானே ஊற்றிவிட்டாள்.