அம்மி கொத்தினவர் பிள்ளையைத் தூக்கினது

எங்கள் மகள் பிறந்த அன்று அவளுடைய அப்பா அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மூக்கு யாரு மாதிரின்னு இங்கேருந்து தெரியலையே புள்ள" என்றார்.

நான் குழந்தையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

"உன்னை மாதிரிதான். தப்பிச்சா" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போய்விட்டார்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால். அவருக்கு அம்மி கொத்துகிற வேலை. அரைத்து அரைத்து வழுவழுப்பாகிப்போன அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கொடுப்பார். கோலாலம்பூரில் கொஞ்ச நாள், பிறகு ரயிலேறி கிள்ளான், அங்கிருந்து கித்தா என்கிற ரப்பர் தோட்டங்களில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்கள் என்று சுற்றிவிட்டு வருவார். என்னைக் கட்டுவதற்கு முன்னால் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, ஈப்போ எல்லாம் பார்த்தவர். எல்லா ஊரிலும் கல்வேலைதான். ஈப்போ மலைக்கல் அம்மிக்கு ஆகாது, சட்னியோடு சேர்ந்து அதுவும் கரைந்து வயிற்றுக்குப் போகும் என்பார்.

எங்கள் தமிழ்ப் பெண்கள் அம்மியை வெளியே எடுக்க விடமாட்டார்கள். கல்யாணத்தில் மிதிக்கிற கல் ஆச்சே, படியைத் தாண்டினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று பயம். அதனால் லயத்து அடுப்படிக்குள் மூலையில் குந்திக்கொண்டுதான் கொத்தவேண்டும். உளி விழ விழ வெள்ளையாகத் தூசி எழும்பும். வாயால் ஊதிவிட்டு அடுத்த கொத்து. துண்டை மூக்கோடு கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன்.

"வாயைக் கட்டிட்டா ரங்கூன் கதையை யாரு சொல்றது? அதுக்குத்தானே கூப்பிடுறாளுங்க" என்றார்.

அது நிஜம்தான். தோட்டத்தைத் தாண்டாத பெண்கள், அவர் பேச்சைக் கேட்பதற்காக நல்ல அம்மியைக்கூட வழுக்குகிறது என்பார்கள்.

வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்பார். தூசியை எல்லாம் வெல்லம் வழித்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்று கல்வேலைக்காரர்கள் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பித்தான் காலையில் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவேன்.

நான் முழுகாமல் இருந்தபோது அவருக்கு இருமல் பிடித்தது. ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் பாதியில் நின்று, யாரோ வரவேண்டியது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு வாங்குகிறது என்று காட்டிக்கொள்ள வெட்கம்.

முன்னறையில் ஒரு அக்கா இருந்தாள். ரயில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவருடைய மனைவி. நல்லவள்தான். அவளுடைய தம்பி காசநோயில் செத்துப்போனவன்.

"தங்கச்சி, இது அதேதான்" என்றாள். "எந்தம்பிக்கும் இப்படித்தான் தோளெலும்பு தூக்கிக்கிட்டுது. தட்டு, குவளை எல்லாம் தனியா வை. புள்ளை பொறந்தா கிட்ட விட்டுடாத."

அவர் வெளியில் நின்று கேட்டுவிட்டார். பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதைக்குப் போனார். அதை இங்கே அஞ்சடி என்போம்.

"கப்பல் டெக்குக்கு இது எவ்வளவோ மேல். ஆடாது" என்றார்.

பிள்ளை பிறந்த பிறகும் அங்கேதான் படுக்கை. வேலைக்குப் போகாத நாளில் படிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே கிடக்கிற பிள்ளையோடு பேசுவார். "குட்டி, கொழும்புல யானையைக் குளிப்பாட்டுவான் தெரியுமா? தேங்காய் நாரால முதுகு தேய்ப்பான். உங்கம்மாவுக்கு நான் அந்த மாதிரி ஒருநாளும் தேய்ச்சதில்ல." எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். பிள்ளை கையை நீட்டுவாள். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

அவள் தவழ ஆரம்பித்த பிறகு ஒருநாள் நான் அடுப்பில் கவனமாக இருந்துவிட்டேன். படியைத் தாண்டிப் போய் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். உதறவும் முடியாமல் குனியவும் முடியாமல் நின்றார்.

"புள்ள, ஓடியா. எடு இவளை" என்று கத்தினார்.

நான் எடுத்தேன். அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அதுவரைக்கும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"போனா உள்ள போட்டுப் பூட்டிடுவான்."

"நீங்க வரலைன்னா நானே போய்க் கேப்பேன்."

"நீயா? பாசார்ல வெங்காயம் என்ன விலைன்னு கேக்கவே என்னைத்தானே அனுப்புவே" என்றார். ஆனால் வந்தார்.

வெள்ளைக்கார டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார். சளியை எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு மறுபடி போனோம். டாக்டருக்குக் கீழே வேலை பார்த்த டிரசர் தமிழ்க்காரர். என்ன தொழில், எத்தனை வருஷம் என்று விசாரித்தார். அப்புறம் சொன்னார், "சளியில காசநோய்ப் பூச்சி இல்ல. கல்லுத்தூசி போய் நுரையீரல் கெட்டிப்பட்டுப்போச்சு."

இவர் எழுந்துவிட்டார். டிரசர் அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"புள்ளையைத் தூக்கலாமாங்கய்யா?"

"எந்தப் புள்ளை?"

"எங்க புள்ளைதாங்க. இவரு இன்னும் தூக்கினதே இல்லைங்க."

அவர் என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "தாராளமா தூக்கலாம்மா. இது யாருக்கும் ஒட்டாது. ஆனா போன தூசியை வெளியே எடுக்க எங்ககிட்ட மருந்து கிடையாது. உளியை இனிமே தொடவேண்டாம்."

"தினம் வெல்லம் சாப்பிட்டாருங்களே."

"சோறு போற வழி வேற, மூச்சு போற வழி வேறம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நின்று நின்றுதான் நடந்தோம். வந்ததும் அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வெளுத்த வேட்டி கேட்டார். அறைக்குள் வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டினார்.

"கொண்டா அவளை" என்றார்.

நான் விஷயத்தைச் சொல்லியும் அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "டிரசர் சொன்னா ஆச்சா? அவருக்கென்ன, மாசமானா சம்பளம்."

நான் அவள் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கி அவர் மடியில் வைத்தேன். அவருடைய உள்ளங்கை உளி பிடித்துக் காய்த்துப்போனது. கீறிவிடும் என்று கையை மடக்கி மணிக்கட்டால் அணைத்துக்கொண்டார். பிள்ளை அழவில்லை. குரல் தெரிந்த குரல்தானே. மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"நோகுது குட்டி" என்றார். விடுவிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரால் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்தே இருப்பார், பிள்ளை நெஞ்சின்மேல் தூங்கும். நான் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவேன். அவருடைய உதடு நீலம் பாரித்திருக்கும்.

"இறக்கி விடட்டுமாங்க?"

"அம்மியையே புரட்டினவன். இவ என்ன கனம்."

கதைகள் குறைந்துகொண்டே வந்தன. "பினாங்குல" என்று தொடங்கி அதோடு நிறுத்திவிடுவார். பிள்ளை மிச்சத்துக்காக வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் காலை, பால் கொடுக்க அவளை நான் வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

பிறகு ரொம்ப நாள், சுவரில் சாய்ந்து யார் காலை நீட்டினாலும் அவள் தத்தி நடந்து போய் மடியில் ஏறிக்கொள்வாள். பால்காரர் மடியில்கூட. நெஞ்சில் காதை வைத்துப் படுப்பாள். அக்கா ஒருநாள் இடுப்பு வலி என்று எங்கள் அறையில் அப்படி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஏறிப் படுத்தது. பிள்ளையை அவர் கிட்ட விடாதே என்று சொன்ன அக்கா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் தூங்கி எழுகிற வரைக்கும் அசையாமல் இருந்தாள்.