அக்கா கண்டுபிடித்த எக்ஸ்

என் அக்கா பத்தொன்பது வருஷமாக ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று சொல்லாமல் நிற்கிறாள் என்று சொல்லக் காரணம் உண்டு. எந்திரத்தில் துணி போடுவது, ஈரத்தோடு இழுப்பது, உலர்த்துவது, மடிப்பது எல்லாமே நின்றபடிதான். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. "இனிமே நிக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். சொல்ல அவருக்கென்ன, உட்கார்ந்துகொண்டுதானே சொன்னார்.

அங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலி. வார்டுகளுக்குப் போகிற, வருகிற துணியை எண்ணிப் பதிகிறவருக்கு உரியது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தால்தான் எழுதலாம். அக்காவுக்கு நாற்பத்துநாலு முடியப்போகிறது. இதை விட்டால் சாகும்வரை நிற்க வேண்டியதுதான். கேள்விகளில் பாதி விகிதக் கணக்கு.

நான் தையல் கடையில் கழுத்தொடியக் குனிந்துவிட்டு வருவேன். அவள் காலொடிய நின்றுவிட்டு வருவாள். ஆளுக்கொரு டீயோடு கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்.

"விரிப்பும் தலையணை உறையும் மூணுக்கு அஞ்சு. மொத்தம் தொண்ணூத்தாறு. விரிப்பு எத்தனை?"

தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதற்கு எக்ஸ் என்று பேர் வை, விரிப்பு மூன்று எக்ஸ், உறை ஐந்து எக்ஸ், ஆக எட்டு எக்ஸ் என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு முப்பத்துநாலரை என்று எழுதினாள்.

"அரை விரிப்பை எந்த நோயாளிக்குக்கா போடுவ?"

"தொண்ணூத்தாறு வந்தா அதுல நாலாச்சும் கிழிசல் இருக்கும்டி. கழிச்சிட்டுத்தான் கணக்கே."

"புத்தகத்துல இருக்கிற துணி கிழியாதுக்கா!"

"அப்போ அது ஆஸ்பத்திரித் துணியே இல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். பேனாவும் பென்சிலும் என்றால் தொலைந்ததைக் கழிப்பாள். பால் என்றால் பொங்கி வழிந்ததைக் கழிப்பாள். அவள் வேலையில் எதுவும் முழுசாகத் திரும்பி வந்ததே இல்லை, பாவம். எனக்கிருந்த அலுப்பில் இரண்டு முறை புத்தகத்தை வீசியிருக்கிறேன். மூன்று வாரம் போராடி ஒருவழியாக அந்தப் பழக்கத்தை விட வைத்தேன்.

பரீட்சை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிக் கேள்விடி. ஒரு சலவைக்கூடத்துல ஆளும் எந்திரமும் அஞ்சுக்கு ரெண்டு. ஆறு பேரை வேலையை விட்டு நிறுத்தினா மூணுக்கு ரெண்டு. முதல்ல எத்தனை ஆள்?"

"அஞ்சு எக்ஸ்ல ஆறு போனா மூணு எக்ஸ். எக்ஸ் மூணு. பதினஞ்சு பேர். சரியா எழுதினியா?"

"எழுதினேன். ஆறு எந்திரம், பதினஞ்சு பேர். அது நாங்கதான்டி."

கேள்வித்தாள் போட்ட சலவைக்கூட அதிகாரி சோம்பேறி. கேள்விக்காக மெனக்கெடாமல் மேசையில் கிடந்த ஆள்குறைப்புத் திட்டத்தையே எடுத்துப் போட்டிருக்கிறார். இவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பாக இருக்கும்.

அக்கா தேறினாள். நாற்காலியும் கிடைத்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதிகாரி கூப்பிட்டு வெள்ளைத் தாளை நீட்டினார். "உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். ஆறு பேர் எழுதிக் குடுங்க."

"அஞ்சு சார்" என்றாளாம் அக்கா. "நான் மேசைக்கு வந்துட்டேன். எந்திரத்துக்கிட்ட இப்ப பதினாலு பேர்தான். உங்களுக்கு ஒன்பது போதும்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாராம்.

"ஒருத்திக்கு வேலை தப்பிச்சிதுடி" என்று என்னிடம் சொன்னாள். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"யாருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? அஞ்சு பேரை நீங்களே எழுதிக்கோங்கன்னு தாளை வச்சிட்டு வந்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடைத்த நாற்காலியைத் தானே உதைத்துத் தள்ளுவாளா ஒருத்தி? நல்லவேளை, அதிகாரி நாற்காலியைப் பிடுங்கவில்லை. தானே எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அந்த ஐந்து பேரும் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அதுவும் துணிதானே, அக்காவின் மேசையில்தான் எண்ணி வைக்க வேண்டும். கூடவே நின்று வேலை பார்த்தவர்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் கால் பழையபடி வீங்கியிருந்தது.

"உக்கார்ந்துதானே வேலை, இது எப்படிக்கா?" என்றேன்.

"அவங்க வரிசையில நிக்கும்போது நான் மட்டும் எப்படிடி உக்கார்றது?" என்றாள்.