பிரேக் டிரம்மில் சுடுதண்ணீர்

அறிவழகனுக்குச் சகலைமேல் வயிற்றெரிச்சல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? தொப்பூர் கணவாய் இறங்கிவரும் லாரிகளுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பிரேக் லைனர் மாற்றுகிற மனிதர் அவர். வண்டி கடைக்குள் நுழையும்போதே, வாசனையை வைத்து எந்தச் சக்கரம் கடிக்கிறது என்று சொல்லிவிடுவார். பெங்களூர் டிரைவர்கள்கூடத் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட கைக்கு மாமனார் வீட்டில் மட்டும் மதிப்பில்லை. அங்கே எதற்கெடுத்தாலும் சந்திரமோகன்தான்.

சந்திரமோகன், அறிவழகனின் மனைவி கலைமதியின் தங்கை சுசித்ராவைக் கட்டியவன். தர்மபுரியில் ஆபீஸ் வேலை, மடிப்புக் கலையாத சட்டை, எந்நேரமும் போனில் ஏதாவது ஒரு வீடியோ. வத்தல்மலையில் இருக்கும் மாமனார் வீட்டில் டிவியைச் சரிசெய்தான், மிக்ஸியைப் பிரித்து மாட்டினான். செய்துவிட்டுப் போகட்டும் என்று அறிவழகனும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த மார்கழியில் அவன் கைவைத்தது அவருடைய தொழிலிலேயே அல்லவா?

மலைக்குளிரில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. மாமியார் சின்னம்மாளுக்கோ அடுப்புப் புகை ஆகவில்லை, இருமல் நிற்கவே இல்லை. உரசினால் வருகிற சூட்டிலேயே தண்ணீர் காயவைக்கலாம் என்று சந்திரமோகன் கிளம்பிவிட்டான். சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புச் சட்டியான பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று, அதைச் சுற்றி ஒரு தகரத்தொட்டி, தொட்டியில் தண்ணீர். டிரம்மின் வயிற்றுக்குள் லைனர் கட்டைகள் சுழன்று சுழன்று உரசும். இப்போதைக்குச் சுற்றிவிட ஒரு மோட்டார். சரியாக வந்தால் மோட்டாருக்குப் பதில் காற்றில் சுற்றும் காற்றாடி வைத்துவிடலாம், கரண்டே வேண்டாமாம்.

டிரம் அறிவழகனின் கடையில் கிடந்ததுதான். கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கூட வந்து மாட்டிக்கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை.

"சுசி வூட்டுக்காரருக்கு என்னா மூளைங்க" என்றாள் கலைமதி, அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே. "இத்தன வருசமா டிரம்மு நம்ம கடையிலதான் குப்பையாக் கெடக்குது. உங்களுக்குத் தோணல பாருங்க."

அறிவழகன் சோற்றைப் பிசைந்தார். அவள் தன்னைப் பற்றி இப்படி ஒரு தடவையாவது பேசியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தார். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு, வேறெதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. மாமனார் வீட்டு வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று சந்திரமோகன் முதலில் சரியாகத்தான் குடத்தைத் தூக்கினான். மாமனார் மாதேஸ்வரன்தான் தடுத்தார்.

"இருங்க மாப்ள. நெசமா சூடாவுதான்னு மொதல்ல பாத்துருவோம்."

வெறும் டிரம்மிலேயே மோட்டாரை ஓட்டினான். பத்தே நிமிடத்தில் லைனர் கருகும் வாசனை வந்தது. மாமனார் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், டிரம்மில் பட்டதுமே சுர்ரென்று காணாமல் போயிற்று. "அடேயப்பா" என்றாள் கலைமதி. அவள் முகத்தில் இருந்த பூரிப்பை அறிவழகன் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சந்திரமோகன் மறுபடி குடத்தைத் தூக்கினான். ஊற்றிலிருந்து பிடித்துவந்த, கையை விறைக்கவைக்கிற தண்ணீர். கணவாயில் சக்கரம் புகைய வந்து நிற்கிற டிரைவர்கள் வாளியைத் தேடும்போதெல்லாம் அறிவழகன் கத்துவார்: "யோவ், சூட்டுல தண்ணி ஊத்தாத, டிரம்மு பொளந்துக்கும்." தினமும் இரண்டு தடவையாவது கத்துகிற வார்த்தை. இப்போது அது தொண்டை வரை வந்தது. அங்கேயே விழுங்கினார். பிளக்கட்டும், எல்லோரும் பார்க்கப் பிளக்கட்டும். அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது. ஆவியைப் பற்றி அவர் நினைக்கவில்லை.

குடம் கவிழ்ந்ததும் டங்கென்று ஒரு சத்தம். டிரம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. குப்பென்று எழுந்த ஆவி சந்திரமோகனின் வலது கையை முழங்கை வரை வேகவைத்துவிட்டது. சுசித்ரா அலறினாள். கலைமதி ஓடிப்போய் அவனை இழுத்துவந்து, வாசலோரத்துப் பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்குள் அவன் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வலியிலும் சந்திரமோகன் அறிவழகனைத்தான் பார்த்தான். "மொதல்லயே உங்களக் கேட்டிருக்கணுங்கண்ணா. ஞாயித்துக்கிழம ஒரு நாள்தான் நீங்க உக்கார்றது, எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன். அடுத்த தடவ நீங்களே கூட நில்லுங்க."

அறிவழகன் தலையை மட்டும் ஆட்டினார். பழைய இரும்பு, அதான் போய்விட்டது என்று மாமனார் முடித்துவிட்டார். ஒருவரும் அறிவழகனைச் சந்தேகப்படவில்லை.

சாயங்கால பஸ் மலையிலிருந்து நாலைந்து வளைவு இறங்கியிருந்தது. கலைமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் சொல்லல நீங்க?"

"சட்டுன்னு தோணல."

"எனக்குத் தோணுச்சு. கடையில உங்களுக்கு டீ கொண்டாந்து குடுக்கறப்பல்லாம் நீங்க டிரைவருங்கள கத்தறதக் கேக்கறேனே. ஊத்தாதீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க பக்கத்துலயே சும்மா நின்னீங்க. டிரம்மப் பத்தி உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது, ஊத்தலாம் போலிருக்குதுன்னு வுட்டுட்டேன்."

அடிவாரத்தில் முன்சீட்டு ஒன்று காலியானது. கலைமதி எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டாள்.